லைவ் ஒலியில் பிளக்இன் ஓட்டுவது: கணினி, கன்சோல், ஹோஸ்ட் அமைப்புகள் படிப்படியாக

லைவ் மிக்ஸிங்குக்குப் பிளக்இன் (கணினியில் ஓடும் ஒலி எஃபெக்ட் மென்பொருள்) கொண்டுவர நினைப்பவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியில்தான் தொடங்குகிறார்கள். பிடித்த கம்ப்ரெஸ்ஸரையும் ரிவெர்பையும் முதலில் ஏற்றிவிடுகிறார்கள். ஒலி விட்டுவிட்டு வந்தால் பஃபரை, அதாவது கணினி ஒரு தடவையில் கணக்கிடும் ஒலித் தொகுதியின் அளவை, கூட்டுகிறார்கள். பாடகர் காதில் குரல் பிந்தி வந்தால் அதையே குறைக்கிறார்கள். இப்படி முன்னும் பின்னும் அலைவதற்குப் பஃபர் காரணமல்ல. பிளக்இன் எதுவும் இல்லாத வெற்றுப் பாதை சரியாக ஓடுகிறதா என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தையது சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது. லைவ்ப்ரொஃபெஸர், கிக் பெர்ஃபார்மர், கேன்டபைல், சூப்பர்ராக் பெர்ஃபார்மர் என எந்த ஹோஸ்டை (பிளக்இன்களை ஏற்றி ஓட்டும் மென்பொருளை) வைத்திருந்தாலும் முறை இதுதான். மெனுவின் பெயர்கள் மட்டும் மாறும்.

1. முன்கூட்டியே தேவைப்படுபவை

பல சேனல்களை இரு திசையிலும் அனுப்பக்கூடிய டிஜிட்டல் கன்சோல் வேண்டும். இணைப்பு யூஎஸ்பியாகவோ, நெட்வொர்க் கேபிளில் ஒலி அனுப்பும் டான்டேயாகவோ, வேறு நெட்வொர்க் கார்டாகவோ இருக்கலாம். விண்டோஸ் என்றால் கன்சோல் நிறுவனமே தரும் ஆசியோ டிரைவரை (ஒலியைக் குறைந்த தாமதத்தில் கொண்டுபோகும் டிரைவரை) போடுங்கள். எல்லாச் சாதனத்துக்கும் பொருந்தும் பொது ஆசியோ டிரைவர் அவசரத்துக்கு உதவும், நிகழ்ச்சிக்கு உதவாது. மேக்கில் அந்த வேலைக்குக் கோர் ஆடியோ உள்ளேயே இருக்கிறது. இருந்தாலும் சில சாதனங்களுக்குத் தனி டிரைவர் தேவைப்படும்.

யூஎஸ்பி கேபிள் குட்டையாகவும் தரமாகவும் இருக்கட்டும். அதே நீளத்தில் இன்னொன்றைப் பையில் வையுங்கள். கணினியில் நேரடியாக உள்ள போர்ட்டில் செருகுங்கள், ஹப் வேண்டாம். மவுஸ், டாங்கிள், வெளி டிஸ்க் எல்லாம் ஒரே ஹப்பில் போட்டியிடும்போது முதலில் பாதிக்கப்படுவது ஒலிதான்.

லைசென்ஸை இப்போதே பாருங்கள். லைசென்ஸை இணையம் வழி சரிபார்க்கும் ஐலாக் கிளவுட் முறையில் இயங்கும் பிளக்இனுக்கு இணையம் தொடர்ந்து இருக்க வேண்டும், மேடையில் அதை நம்ப முடியாது. லைசென்ஸைக் கணினிக்கோ யூஎஸ்பி டாங்கிளுக்கோ மாற்றிவிட்டு, இணையத்தைத் துண்டித்து, கணினியை மறுபடி தொடங்கி, எல்லாப் பிளக்இன்களும் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

2. எதைக் கணினிக்குக் கொடுப்பது

மென்பொருளைத் தொடுவதற்கு முன் தாளில் எழுத வேண்டிய முடிவு இது. பிளக்இனை இரண்டு வழியில் இணைக்கலாம்.

இன்செர்ட் வழியில் சேனலின் ஒலி முழுவதும் கணினிக்குப் போய்த் திரும்புகிறது. கணினி நின்றால் அந்தச் சேனலும் ஊமையாகும். செண்ட் வழியில் ஒலியின் நகல் மட்டும் ஆக்ஸ் (கன்சோலின் துணை வெளியீடு) மூலம் போகிறது, திரும்பி வருவது தனிச் சேனலில் சேர்கிறது. கணினி நின்றால் ரிவெர்பு மட்டும் போகும், குரல் நிற்காது.

அதனால் முதல் சில நிகழ்ச்சிகளுக்கு ரிவெர்பு, டிலே இரண்டை மட்டும் செண்ட் வழியில் கணினிக்குக் கொடுங்கள். அது பழகியபின் முன்னணிக் குரலை இன்செர்ட்டில் வையுங்கள். முப்பத்திரண்டு சேனலையும் முதல் நாளே கணினி வழியாகத் திருப்புவதில் பெரிதாக எந்த லாபமும் இல்லை. கன்சோலின் ஈக்யூவும் நாய்ஸ் கேட்டும் நன்றாகவே செய்யும் வேலையைக் கணினிக்குத் தூக்கிக் கொடுப்பது ஆபத்தை மட்டுமே கூட்டும்.

3. கணினியைத் தயார் செய்தல்

64 சாம்பிள் பஃபர், 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 சாம்பிள்) என்றால் கணினி ஒவ்வொரு 1.33 மில்லிசெகண்டுக்குள்ளும் ஒரு தொகுதி ஒலியைக் கணக்கிட்டு முடித்தாக வேண்டும். சராசரியாக வேகமான கணினி என்பதால் மட்டும் இது நடந்துவிடாது. ஒருமுறைகூட இடையில் வேறு வேலைக்குப் போகாத கணினி தேவை. இந்தப் படியின் நோக்கமே அந்த இடையூறுகளை நீக்குவதுதான்.

விண்டோஸில்: பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸ் ஆக்குங்கள். அதன் உள் அமைப்புகளில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்களின் பவர் மேனேஜ்மென்ட் தாவலில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள். வைஃபை, புளூடூத் இரண்டையும் நிறுத்துங்கள். டான்டேயை வயர் வழி ஓட்டினாலும் வைஃபை அடாப்டரை அணைத்துவிடுவதே நல்லது. விண்டோஸ் அப்டேட்டை இடைநிறுத்துங்கள். ஆன்டிவைரஸ் ஓட்டும் நிகழ்நேரச் சோதனையிலிருந்து பிளக்இன் கோப்புறைகளையும் ஷோ கோப்பு உள்ள கோப்புறையையும் விலக்கி வையுங்கள்.

பிறகு லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். எந்த டிரைவர் கணினியை நீண்ட நேரம் பிடித்துக்கொள்கிறது என்று அது பெயரோடு காட்டும். வயர்லெஸ் அடாப்டர், கிராபிக்ஸ் டிரைவர் இரண்டும் அடிக்கடி அந்தப் பட்டியலில் வரும்.

மேக்கில்: லோ பவர் மோடை அணையுங்கள், தானாக உறங்குவதைத் தடுங்கள், தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள். ஆப்பிள் சிலிக்கான் கணினியில் ஹோஸ்டை நேட்டிவ் முறையில் திறந்தால், இன்டெல்லுக்கு மட்டும் எழுதப்பட்ட பழைய பிளக்இன்கள் பட்டியலிலேயே தெரியாமல் போகலாம். பிளக்இன் காணவில்லை என்று பதறும் முன் இதைச் சரிபாருங்கள்.

இரண்டிலும் பொதுவான ஒன்று உண்டு, பலரும் மறப்பது. சிஸ்டம் ஒலிக்கான வெளியீடாகக் கணினியின் சொந்த ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். கன்சோல் அங்கே தேர்வாகியிருந்தால் ஒரு மின்னஞ்சல் அறிவிப்பின் டிங் சத்தம் பி.ஏ. (அரங்க ஸ்பீக்கர்கள்) முழுக்க ஒலிக்கும்.

சார்ஜர் எப்போதும் செருகியே இருக்கட்டும். பேட்டரிக்கு மாறியதும் பல மடிக்கணினிகள் செயலியின் வேகத்தைத் தாமாகவே குறைத்துவிடும்.

4. கிளாக்: ஒரே ஒரு தலைவர்

கன்சோலும் கணினியும் ஒரே சாம்பிள் ரேட்டில், ஒரே கிளாக்கில் (சாம்பிள்களுக்குத் தாளம் தரும் நேரத் துடிப்பில்) ஓட வேண்டும். யூஎஸ்பியில் கன்சோலே கிளாக் தரும், ஹோஸ்டில் அதே ரேட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். கன்சோல் 96 கிலோஹெர்ட்ஸில் ஓடும் வகை என்றால் யூஎஸ்பி எந்த ரேட்டில் அனுப்புகிறது என்பதை அதன் அமைப்பில் தனியாகப் பாருங்கள்.

டான்டேயில் கன்சோலைப் பிரிஃபர்டு லீடர் ஆக்குங்கள். கணினியில் ஓடும் டான்டே மென்பொருள் பின்தொடரட்டும். கிளாக்கை மட்டும் கொண்டுபோகும் வேர்டு கிளாக் கேபிளும் டான்டேயும் சேர்ந்து ஓடும் இடத்தில், இரண்டு சாதனங்கள் நான்தான் தலைவர் என்று நிற்கும் நிலை எளிதாக வந்துவிடும்.

கிளாக் தவறைக் காதால் கண்டுபிடிக்கலாம். பிளக்இன் எதுவும் இல்லாதபோதும் ஏறக்குறைய சீரான இடைவெளியில் டிக், டிக் என்று வந்தால் கிளாக்கைப் பாருங்கள். சிபியூ திணறும்போது வரும் வெடிப்பு ஒழுங்கற்றது, பாரம் ஏற ஏறக் கூடும். இந்த வேறுபாடு தெரியாமல் கிளாக் கோளாறுக்குப் பஃபரை 512 வரை ஏற்றியும் பயனில்லாமல் நிற்பவர்கள் நிறையப் பேர்.

5. பஃபர் அளவு

48 கிலோஹெர்ட்ஸில் ஒரு பஃபரின் நீளம்: 32 சாம்பிள் 0.67 மில்லிசெகண்ட், 64 சாம்பிள் 1.33, 128 சாம்பிள் 2.67, 256 சாம்பிள் 5.33. 96 கிலோஹெர்ட்ஸில் இவை பாதியாகும். ஆனால் அதே நேரத்தில் கணக்கிட வேண்டிய சாம்பிள் எண்ணிக்கை இரட்டிப்பாகும், சிபியூ பாரமும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும்.

ஒலி உள்ளே வர ஒரு பஃபர், வெளியே போக ஒரு பஃபர். ஆகவே 64 என்றால் குறைந்தது 2.67 மில்லிசெகண்ட். அதற்குமேல் டிரைவர் பாதுகாப்புக்காகச் சேர்க்கும் மறை பஃபரும் யூஎஸ்பி பயணமும் உண்டு. ஹோஸ்ட் திரையில் காட்டும் எண் டிரைவர் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்வது, எல்லா டிரைவரும் முழு உண்மையைச் சொல்வதில்லை. அதனால்தான் 7-ஆம் படியில் நாமே அளக்கிறோம்.

128-இல் தொடங்குங்கள். செண்ட் வழி ரிவெர்புக்கு 256 கூடப் போதும், ரிவெர்பின் ப்ரீ-டிலேயை அந்த அளவுக்குக் குறைத்தால் கணக்கு சரியாகிவிடும். இன்-இயர் (காதுக்குள் வைக்கும் மானிட்டர்) போட்டிருக்கும் பாடகரின் குரலை இன்செர்ட்டில் ஓட்டினால்தான் 64-க்கோ 32-க்கோ இறங்க வேண்டும். பாடகர் தன் குரலை மண்டை எலும்பு வழியாகத் தாமதமே இல்லாமல் கேட்கிறார். காதில் வரும் பிந்திய ஒலி அதோடு கலக்கும்போது குரல் ஓட்டையாக, குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் அவருக்குக் கேட்கும். அவர் தாமதம் என்று சொல்ல மாட்டார், சவுண்டு சரியில்லை என்றுதான் சொல்வார். ஈக்யூவால் அது தீராது.

இன்னொரு வழியும் உண்டு, பல நேரம் அதுவே நல்லது. மானிட்டர் ஆக்ஸை இன்செர்ட்டுக்கு முன்னால் உள்ள புள்ளியிலிருந்து எடுங்கள். காதுக்குப் போவது கணினியைத் தொடாத ஒலி, பி.ஏ.வுக்குப் போவது பிளக்இன் வழி வந்த ஒலி. சில கன்சோல்களில் இந்தப் புள்ளியை மாற்ற முடியாது. அங்கே ஒரே மைக்கை இரண்டு சேனலில் பேட்ச் செய்து, ஒன்றைப் பி.ஏ.வுக்கும் மற்றதை மானிட்டருக்கும் பிரித்துக்கொள்ளுங்கள்.

6. வெற்றுப் பாதையைக் கட்டுதல்

முதலில் மெயின் ஃபேடரை இறக்கி, பி.ஏ. ஆம்பிளிஃபயர்களை மியூட்டில் வையுங்கள். வெளியே போன ஒலி மறுபடி உள்ளே வந்து சுற்றும் லூப் இந்தப் படியில்தான் உருவாகும். லூப் விழுந்தால் ஒலி ஒரு நொடிக்குள் உச்சத்துக்கு ஏறி ஸ்பீக்கரைக் கெடுக்கும்.

கன்சோலில் சேனல் 1-இன் இன்செர்ட் செண்டை யூஎஸ்பி 1-க்கும், இன்செர்ட் ரிட்டர்னை யூஎஸ்பி 1-இலிருந்தும் பேட்ச் செய்யுங்கள். ஹோஸ்டில் ஒரு செயினை (பிளக்இன்கள் வரிசையாக அமரும் பாதையை) திறந்து உள்ளீடு 1, வெளியீடு 1 என்று கொடுங்கள். பிளக்இன் எதுவும் வேண்டாம். எண்கள் இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கட்டும். நள்ளிரவில் கோளாறு தேடும்போது, சேனல் 9 யூஎஸ்பி 9, செயின் 9 என்ற ஒழுங்கு பெரிய உதவி.

வழக்கமான தவறு: இன்செர்ட் ரிட்டர்னுக்குப் பதிலாகச் சேனலின் உள்ளீட்டையே யூஎஸ்பிக்கு மாற்றிவிடுவது. அந்தச் சேனலின் டைரக்ட் அவுட் கணினிக்குப் போய்க்கொண்டிருந்தால், போன ஒலி அதே சேனலுக்கு உள்ளீடாகத் திரும்பி வட்டமடிக்கும். செண்ட் வழி ரிவெர்பிலும் இதே ஆபத்து உண்டு. ரிவெர்பு திரும்பி வரும் சேனலில், ரிவெர்புக்கான அதே ஆக்ஸ் செண்ட் திறந்திருக்கக் கூடாது. அந்தச் செண்டைக் குறைத்து வைத்தால் போதாது, முடிந்தால் அணைத்தே விடுங்கள்.

இன்செர்ட்டின் இடத்தையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். குரலுக்கு ஹைபாஸ் ஃபில்டருக்குப் பின், கன்சோல் ஈக்யூவுக்கு முன் என்பது நல்ல தொடக்கம். மைக்கைக் கையாளும் சத்தமும் மூச்சின் அடியும் கம்ப்ரெஸ்ஸரைத் தொடுவதற்கு முன்பே வெட்டப்பட்டிருக்கும்.

7. தாமதத்தை நாமே அளத்தல்

ஒரே ஒலியை இரண்டு சேனலில் கொண்டுவாருங்கள். பிங்க் நாய்ஸோ பதிவு செய்த குரலோ போதும். சேனல் அ-வில் வெற்றுச் செயினோடு இன்செர்ட் ஆன். சேனல் ஆ-வில் இன்செர்ட் இல்லை, போலாரிட்டி தலைகீழ். இரண்டிலும் ஈக்யூ, கேட், கம்ப்ரெஸ்ஸர் எல்லாம் ஆஃப், ஃபேடர்கள் ஒரே அளவு. ஹெட்போனில் இரண்டையும் மோனோவாகக் கேளுங்கள்.

இப்போது சேனல் ஆ-வின் டிலேயைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒலி மெலிந்துகொண்டே போய் ஓரிடத்தில் ஏறக்குறைய மறைந்துவிடும். அந்த டிலே எண்ணே கணினிப் பாதையின் உண்மையான தாமதம். தாளில் எழுதுங்கள். ஹோஸ்டை மூடித் திறந்து மறுபடி அளங்கள். ஒவ்வொரு முறையும் எண் மாறினால் டிரைவர் நிலையாக இல்லை, அதன் அமைப்பைப் பாருங்கள்.

4 மில்லிசெகண்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலி அந்த நேரத்தில் காற்றில் சுமார் 1.4 மீட்டர் போகும். குரல் மட்டும் கணினி வழி, டிரம்ஸ் நேர்வழி என்றால் அந்த வேறுபாடு யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரே மூலத்தின் ஒலி இரண்டு பாதையில் வந்து கூடினால் 125 ஹெர்ட்ஸில் முதல் பள்ளம் விழும், அடுத்து 375, 625 என்று தொடரும். இதுவே கோம்ப் ஃபில்டர்.

எனவே ஒரு விதி. ஒரே ஒலியைப் பிடிக்கும் மைக்குகள் எல்லாம் கணினி வழி போகட்டும், அல்லது ஒன்றுமே போக வேண்டாம். ஸ்னேரின் மேல் மைக்கும் கீழ் மைக்கும், பேஸ் கிட்டாரின் டிஐயும் (நேரடி வயர் இணைப்பும்) கேபினெட் மைக்கும், டிரம் குளோஸ் மைக்கும் ஓவர்ஹெடும் இதில் அடங்கும். கம்ப்ரெஸ் செய்த ஒலியையும் செய்யாத ஒலியையும் கலக்கும் பேரலல் கம்ப்ரெஷனைக் கன்சோலில் நேர்ச்சேனலையும் கணினி ரிட்டர்னையும் கலந்து செய்யாதீர்கள். பிளக்இனிலேயே உள்ள மிக்ஸ் குமிழைப் பயன்படுத்துங்கள்.

8. பிளக்இன்களை ஒவ்வொன்றாக ஏற்றுதல்

ஒன்றை ஏற்றி, ஹோஸ்ட் காட்டும் அதன் தாமதத்தையும் சிபியூ ஏற்றத்தையும் பார்த்தபின் அடுத்தது. நான்கைச் சேர்த்து ஏற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது.

ஸ்டுடியோவில் சிறந்தவை பல மேடைக்கு ஆகாதவை. லீனியர் ஃபேஸ் ஈக்யூ, வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்க்கும் லுக்அஹெட் லிமிட்டர், உயர் ரேட்டில் கணக்கிடும் ஓவர்சாம்பிளிங், சில சத்தக் குறைப்பிகள் எல்லாம் தாமதம் சேர்க்கும். 4096 டேப் கொண்ட லீனியர் ஃபேஸ் ஃபில்டர் ஒன்று 48 கிலோஹெர்ட்ஸில் சுமார் 43 மில்லிசெகண்ட் பிந்தவைக்கும். பல பிளக்இன்களில் ஜீரோ லேட்டன்சி அல்லது லைவ் என்றொரு முறை இருக்கும். அதைத் தேடி ஆன் செய்யுங்கள், லுக்அஹெடைச் சுழியாக்குங்கள், ஓவர்சாம்பிளிங்கை அணையுங்கள்.

ஹோஸ்டில் தாமத ஈடு செய்யும் வசதி இருந்தால் கவனமாக இருங்கள். அது எல்லாச் செயின்களையும் மிக மெதுவான செயினோடு சேர்த்துப் பிந்தவைக்கும். ஒரு மூலையில் மறந்து வைத்த லிமிட்டர் ஒன்று மேடை முழுவதையும் இழுத்துவிடும். டிரம்ஸ் போல் சேர்ந்தே இருக்க வேண்டிய குழுவுக்குள் மட்டும் ஈடு செய்ய முடிந்தால் அப்படிச் செய்யுங்கள். செண்ட் வழி எஃபெக்டுகளை அந்த ஈட்டிலிருந்து விலக்கி வையுங்கள்.

சிபியூவைப் பார்க்கும்போது இயங்குதளம் காட்டும் சராசரியை நம்பாதீர்கள். அது 20 சதவீதம் என்று காட்டும்போதே ஒலி வெடிக்கலாம். ஒரு செயினில் வரிசையாக உள்ள பிளக்இன்கள் ஒன்று முடித்தபின்தான் அடுத்தது தொடங்க முடியும், ஆகவே அவை பொதுவாக ஒரே கோரில் ஓடும். அந்த ஒரு கோர் நிரம்பினால் மற்றவை சும்மா இருந்தும் பயனில்லை. ஹோஸ்டின் சொந்த மீட்டரில் உச்ச அளவைப் பாருங்கள். அது 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். மேல் பாதி வெயிலில் கணினி சூடாகும் நேரத்துக்கான இருப்பு.

9. லெவல்

1 கிலோஹெர்ட்ஸ் சைன் ஒலியைக் கன்சோலிலிருந்து −18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் உச்சத்துக்கு 18 டெசிபெல் கீழ்) அளவில் அனுப்புங்கள். வெற்றுச் செயின் வழி திரும்புவதும் −18 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஒரு ட்ரிம் திறந்திருக்கிறது. அனலாக் கருவிகளைப் பின்பற்றும் பிளக்இன்கள் பல இந்த −18 அளவையே தம் 0 வியூவாக (அனலாக் மீட்டரின் இயல்பான அளவாக) கொண்டவை. −6 இல் அனுப்பினால் அவை எதிர்பாராமல் கரகரக்கும்.

கம்ப்ரெஸ்ஸரின் மேக்அப் கெயினில் நிதானம் வேண்டும். பாடகர் பாடாத நேரத்தில் கம்ப்ரெஷன் விலகிவிடும், மேக்அப் மட்டும் அப்படியே நிற்கும். 6 டெசிபெல் கூட்டியிருந்தால் ஃபீட்பேக்குக்கு முன் இருந்த இடைவெளியில் 6 டெசிபெல் போயிற்று. மானிட்டர் ஆக்ஸும் இன்செர்ட்டுக்குப் பின்னிருந்து எடுக்கப்பட்டிருந்தால் வெட்ஜ்கள்தான் (மேடைத் தரையில் வைக்கும் மானிட்டர்கள்தான்) முதலில் கத்தும்.

ஒவ்வொரு செயினையும் பைபாஸ் செய்து கேளுங்கள். ஒலியின் தன்மை மாறலாம், அளவு மாறக் கூடாது. இதன் தேவை 11-ஆம் படியில் தெரியும்.

10. ஸ்னாப்ஷாட்டும் மிடியும்

ஸ்னாப்ஷாட் (ஹோஸ்டில் ஒரு பாட்டுக்கெனச் சேமித்த அமைப்பு) பிளக்இனின் அளவுகளை மட்டும் மாற்றட்டும். பாட்டுக்குப் பாட்டு பிளக்இனை ஏற்றுவதும் இறக்குவதும் கூடாது, ஏற்றும் கணத்தில் ஒலி தடைபடும். நிகழ்ச்சி முழுவதற்கும் தேவையானவை தொடக்கத்திலேயே ஏறியிருக்கட்டும். ரிவெர்பை மாற்ற வேண்டுமா, இரண்டு ரிவெர்புகளை ஓடவிட்டு அவற்றுக்குப் போகும் செண்டை மட்டும் மாற்றுங்கள். பழைய ரிவெர்பின் வால் அறுபடாமல் தானாக அடங்கும்.

கன்சோல் சீனிலிருந்து (கன்சோலில் சேமித்த அமைப்பிலிருந்து) மிடி புரோகிராம் சேஞ்ச் என்ற எண் கட்டளையை அனுப்பி ஸ்னாப்ஷாட்டை அழைக்கும்போது எண்ணில் ஒன்று பிசகும். சில கருவிகள் 0 முதல் 127 வரை எண்ணும், சில 1 முதல் 128 வரை. முதல் சீனை அழைத்து இரண்டாவது வந்தால் காரணம் இதுதான். நெட்வொர்க் வழிக் கட்டளை அனுப்பும் ஓஎஸ்சி என்றால் இரு பக்கமும் நிலையான ஐபி முகவரி கொடுங்கள்.

சீன்களை வரிசையாக மட்டும் சோதிக்காதீர்கள். ஏழிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து பத்துக்கு என்று தாவிப் பாருங்கள். முந்தைய ஸ்னாப்ஷாட் விட்டுச்சென்ற அளவு அடுத்ததில் ஒட்டிக்கொள்ளும் பிழை அப்போதுதான் தெரியும்.

11. கணினி நின்றால்

கன்சோலில் எல்லா இன்செர்ட்டையும் ஒரே அழுத்தத்தில் அணைக்க வழி செய்யுங்கள். சாஃப்ட் கீ இருந்தால் அதில் வையுங்கள். இல்லையென்றால் இன்செர்ட் ஆஃப் நிலையை மட்டும் மாற்றும் ஒரு சீனை உருவாக்கி, கெயின், ஃபேடர், ஈக்யூ எல்லாவற்றையும் ரீகால் சேஃப் (சீன் தொடாதவை) ஆக்குங்கள். கன்சோலின் சொந்தக் கம்ப்ரெஸ்ஸரும் ஒரு ரிவெர்பும் தயார் நிலையில் அமைத்து அணைக்கப்பட்டிருக்கட்டும். பைபாஸில் அளவு மாறக் கூடாது என்றது இதற்காகத்தான். அழுத்திய கணத்தில் குரல் 8 டெசிபெல் ஏறினால் அது இன்னொரு விபத்து.

ஒத்திகையில் பாட்டு ஓடும்போதே யூஎஸ்பி கேபிளைப் பிடுங்குங்கள். இன்செர்ட்டை அணைக்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். பிறகு கேபிளைச் செருகுங்கள். பல ஹோஸ்ட்கள் சாதனத்தைத் தாமாகத் திரும்பப் பிடிக்காது, ஆடியோ அமைப்பில் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் படிகளை எழுதிக் கன்சோல் ஓரத்தில் ஒட்டுங்கள். பதற்றத்தில் மெனு நினைவுக்கு வராது.

12. முழு நீளச் சோதனை, பிறகு பூட்டு

பதிவு செய்த மல்டிட்ராக்கை எல்லாச் செயின்கள் வழியாகவும் இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். கணினி மேடையில் இருக்கப்போகும் அதே நிலையில், அதே சார்ஜரோடு. ஐந்து நிமிடச் சோதனையில் சூடு ஏறாது. பிளக்இன் ஜன்னல்களை, குறிப்பாக அலை வரைபடம் காட்டுபவற்றை, மூடியே வையுங்கள். நடுவே சில நிமிடம் ஒலியை முழுதாக நிறுத்தியும் சிபியூவைக் கவனியுங்கள். சில பழைய பிளக்இன்கள் நிசப்தத்தில் மிகச் சிறிய எண்களைக் கணக்கிடத் திணறி, பாரத்தை ஏற்றிவிடும்.

சோதனை தேறியதும் எதையும் மாற்றாதீர்கள். பிளக்இன் அப்டேட், டிரைவர் அப்டேட், இயங்குதள அப்டேட் எதுவானாலும் நிகழ்ச்சித் தொடர் முடியும்வரை காத்திருக்கட்டும். ஷோ கோப்பைத் தேதியோடு பெயரிட்டு யூஎஸ்பி டிரைவில் ஒரு நகல் வையுங்கள். கன்சோலின் ஷோ கோப்பும் அதே டிரைவில், அதே தேதிப் பெயரில் இருக்க வேண்டும். ஒன்று பழையது, ஒன்று புதியது என்று சேர்ந்தால் பேட்ச் எண்கள் பொருந்தாமல் 6-ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்க நேரிடும்.